மோந்தாயூ: ஒரு மலைக்கிராமத்தின் பூகோளமும் சரித்திரமும்

(வாசகர் மன்றக் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பிரான்சு தேசத்தைப் பற்றி ஏதேனும் பேச வேண்டும் என்று மன்றத்தார் என்னைப் பணித்தபோது, பாரிஸ் நகரத்தின் வைபவங்களையோ 1789ஆம் ஆண்டுப் புரட்சியையோ நான் எடுத்துக்கொள்வேன் என்றுதான் அவர்கள் எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டதோ, குடியிருப்போர் அனைவரையும் ஒரே பேருந்தில் ஏற்றிவிடலாம் என்னும்படியான ஒரு சிற்றூர். அங்கே எந்த யுத்தமும் முடிவு பெற்றதில்லை. எந்த அரசனும் பிறந்ததில்லை. "இதற்கு ஒரு மணி நேரம் பேச என்ன இருக்கிறது?" என்று மன்றத்து நண்பர் ஒருவர் உரிமையோடு கேட்டார். ஒரு மணி நேரம் போதாது என்பதுதான் என் கவலை.

பிரான்சின் தென்கோடியில், அதற்கும் ஸ்பெயினுக்கும் இடையே மதில் போல் நிற்கும் பிரனே மலைத்தொடரின் வடசரிவில், அரியேஜ் என்னும் ஆற்றின் பெயரையே தாங்கிய மாவட்டம் ஒன்று இருக்கிறது. துலூஸ் நகரத்திலிருந்து அந்த ஆற்றை எதிர்த்துத் தெற்கு நோக்கிச் சென்றால் பாமியே, ஃபுவா என்னும் ஊர்களைக் கடந்து, வெந்நீர் ஊற்றுக்களுக்குப் பேர்போன ஆக்ஸ் என்னும் ஊரை அடையலாம். அங்கிருந்து பாதை கிழக்கே திரும்பி, வளைந்து வளைந்து ஏறி, 1,431 மீட்டர் உயரமுள்ள ஷியூலா கணவாயைத் தாண்டியதும், அதுவரை நெருக்கிக்கொண்டிருந்த மலைகள் சற்றே விலகி நிற்க, வெளிச்சமும் காற்றும் நிறைந்த ஒரு மேட்டுநிலம் கண்ணுக்குப் புலனாகும். அந்த மேட்டுநிலத்தில், கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், ஒரு குன்றின் சரிவைப் பற்றிக்கொண்டு கிடக்கிறது மோந்தாயூ. அண்டையிலே பிராத் என்னும் கிராமம். அதையொட்டி ஏர் என்னும் ஓடை பிறந்து, ஆழ்ந்த பாறைப் பிளவு ஒன்றின் வழியே வடக்கே இறங்கி, அரியேஜோடு கலந்து, கரோன் நதியாய் அட்லாண்டிக் மாகடலைச் சேருகிறது. கிழக்கே சில மைல் தள்ளிப் பெய்கின்ற மழையோ ஓத் என்னும் ஆற்றின் வழியாக மத்தியதரைக் கடலுக்குப் போய்விடும். தண்ணீரே இரண்டு மனத்தோடு பிரியும் எல்லைப்புறம் அது.

இந்த உயரத்தில் திராட்சை விளையாது. கோதுமையும் ஓட்ஸும் விளையும். டர்னிப் கிழங்கும், நூலுக்காகச் சணலும் ஆளியும் விளையும். குளிர்காலத்தில் பனி பாதையை மூடிவிடும். விளைந்த தானியத்தை மாவாக்க ஊரில் ஆலை கிடையாது. கோவேறு கழுதைகளின் முதுகில் ஏற்றி, கணவாய் தாண்டி, ஃபுவாப் பிரபுவின் ஆலை இருந்த ஆக்ஸுக்குக் கொண்டுபோய் அரைத்து வரவேண்டும். ஆகவே புல்லை நம்பி ஆட்டையும், ஆட்டை நம்பிக் கணவாய்களையும், கணவாய்களை நம்பி அயல்நாட்டையும் பற்றிக்கொண்டு பிழைத்த ஊர் அது. இந்தப் பூகோளத்தை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்னால் வரும் சரித்திரத்தில் பாதி தானே விளங்கிவிடும்.

இனி, 1300ஆம் ஆண்டையொட்டி அந்த ஊர் எப்படி இருந்தது என்று பார்ப்போம். குன்றின் உச்சியில் ஃபுவாப் பிரபுவின் கோட்டை. இன்று அதில் எஞ்சியிருப்பது இடிந்த சுவர்கள். கோட்டைக்குக் கீழே படிக்கட்டுப்போல் அடுக்கடுக்காக வீடுகள். அவற்றுக்கும் கீழே கார்னேஸ் மாதா கோயில். குடிகள் 200 முதல் 250 பேர் வரை. கோட்டையில் பிரபுவின் பிரதிநிதியாக ஒரு தலைவர். வரி வசூலிக்கவும் சில்லறை வழக்குகளைத் தீர்க்கவும் நம் பக்கத்து மணியக்காரர் போன்ற ஓர் அதிகாரி. ஆத்துமங்களுக்குப் பொறுப்பாக ஒரு பங்குக் குரு.

வீட்டை அவர்கள் 'ஒஸ்தல்' என்று தங்கள் ஒக்சிதான் மொழியில் சொன்னார்கள். அந்தச் சொல் கல்லையும் மரத்தையும் மட்டும் குறிப்பதன்று. குடும்பம், பரம்பரை, அதிர்ஷ்டம் எல்லாவற்றையும் சேர்த்துக் குறித்தது. கிருகத்தின் மையம் அடுப்பங்கரை. இரவில் நெருப்பைச் சாம்பலால் மூடி வைப்பது வீட்டுக்காரியின் கடமை. வீட்டுத் தலைவர் ஒருவர் இறந்தால், அவரோடு வீட்டின் பாக்கியமும் போய்விடாதபடி, சவத்திலிருந்து கொஞ்சம் மயிரையும் நகத்தையும் நறுக்கி வீட்டிலேயே பத்திரப்படுத்தினார்கள். போன்ஸ் கிளெர்க் என்னும் பெரியவர் இறந்தபோது அவர் மனைவி மெங்கார்த் அவ்வாறே செய்வித்தாள். வெயில் காயும் நாட்களில் பெண்கள் வாசலிலும், தாழ்ந்த கூரைகளின் மேலும் அமர்ந்து ஒருவருக்கொருவர் பேன் பார்த்தார்கள். மாமியாருக்கு மருமகள் பார்ப்பாள், ஆசைநாயகனுக்கு ஆசைநாயகி பார்ப்பாள். இதில் அந்தஸ்தும் உண்டு, அன்பும் உண்டு. பேன் பார்க்கும்போது வாய் சும்மா இராது என்பதை இந்தச் சபையில் உள்ள தாய்மார்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அந்த மெங்கார்த் வாசலில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தபடியே, மலைவழியாய் இரவில் வந்துபோகும் 'நல்ல மனிதர்'களின் மகிமையைப் பேன் பார்த்தவளுக்கு உபதேசித்தாள்.

யார் இந்த நல்ல மனிதர்கள்? காத்தரியர் என்று சரித்திரக்காரர் அழைக்கும் சமயத்தின் துறவிகள். நன்மைக்கு ஒரு மூலம், தீமைக்கு ஒரு மூலம் என இரண்டு உண்டு என்பதும், கண்ணுக்குத் தெரியும் இந்தப் பௌதிக உலகம் தீமையின் சிருஷ்டி என்பதும், ஆன்மா உடல் விட்டு உடல் மாறி, மிருகங்களிலும் மனிதரிலும் உழன்று, கடைசியில் ஒரு நல்ல மனிதரின் கையால் தீட்சை பெற்ற பின்னரே விடுதலை அடையும் என்பதும் அவர்கள் கொள்கை. துறவியர் புலால் உண்ணார், பெண்ணைத் தீண்டார். சாதாரண விசுவாசிகளுக்கு அந்த நியமங்கள் இல்லை; மரணப் படுக்கையில் தீட்சை பெற்றால் போதும். ஆனால் தீட்சைக்குப் பின் ஆகாரம் கூடாது.

கத்தோலிக்கத் திருச்சபை இவர்களைப் பதிதர் என்று தீர்த்தது. 1209ஆம் ஆண்டு தொடங்கி 1229 வரை இவர்களுக்கு எதிராக நடந்த சிலுவைப் போர் தென்பிரான்சையே சின்னாபின்னமாக்கிற்று. 1244ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், மோந்தாயூவுக்கு வடக்கே அதிக தூரமில்லாத மோன்சேகூர் கோட்டை வீழ்ந்தபோது, இருநூறு பேருக்கு மேல் ஒரே நாளில் தீக்கிரையானார்கள். அதோடு முடிந்தது என்றே எண்ணினார்கள். முடியவில்லை. ஆக்ஸ் ஊரில் பத்திரம் எழுதிச் செழிப்பாய் வாழ்ந்த பியேர் ஓத்தியே என்பவர், நடுவயது கடந்த பின், தம் சகோதரர் கியோமோடு இத்தாலியின் லொம்பார்தியாவுக்குப் போய்த் தீட்சை பெற்று, 1300ஆம் ஆண்டையொட்டித் திரும்பிவந்து, மலையூர்களில் அந்தச் சமயத்தை மறுபடி ஏற்றிவைத்தார். 1310இல் துலூஸில் அவரை எரித்தார்கள். அதற்குள் மோந்தாயூவில் பெரும்பாலான வீடுகள் அவர் பக்கம் சாய்ந்திருந்தன. ஏன் மோந்தாயூ? முன்னே சொன்ன பூகோளத்தை நினைவுகூருங்கள். பனி மூடினால் அதிகாரி வரமாட்டார். அதிகாரி வந்தால் கணவாயைக் கடந்து கத்தலோனியாவுக்குப் போய்விடலாம். அன்றியும், அரிதாய்ப் பிறக்கும் ஆட்டுக்குட்டிகளில் தசமபாகம் கேட்ட திருச்சபைமீது மேய்ப்பர்களுக்கு இருந்த மனக்கசப்பும் சேர்ந்துகொண்டது.

ஊரில் ஆதிக்கம் செலுத்தியது கிளெர்க் குடும்பம். அண்ணன் தம்பிகளில் பெர்னார் மணியக்காரர். பியேர் பங்குக் குரு. அதாவது வரியும் பாவசங்கீர்த்தனமும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. இந்தப் பியேர் கிளெர்க்கைப் போன்ற ஒரு பாத்திரத்தை நாவலாசிரியர் ஒருவர் கற்பித்திருந்தால் மிகைப்படுத்திவிட்டார் என்றே நாம் சொல்வோம். பீடத்தில் திருப்பலி நிறைவேற்றிய அதே குரு, உள்ளுக்குள் பதிதர்களுக்குப் புகலிடம். கார்கசோன் நகரத்துச் சமய விசாரணை மன்றத்துக்கு, வேண்டாதவர்களைக் காட்டிக்கொடுக்கும் ஒற்றரும் அவரே. பெண்கள் விஷயத்தில் அவருடைய நடத்தையை இந்தச் சபையில் விவரிக்க வேண்டியதில்லை. பிராத் கிராமத்துக் கோயிலுக்குள்ளேயே ஓரிரவு படுக்கை விரிக்கச் செய்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். 1308ஆம் ஆண்டு கார்கசோனிலிருந்து விசாரணைக்காரர்கள் வந்து, ஊரில் வயது வந்த அனைவரையும் மொத்தமாகப் பிடித்துச் சென்றார்கள். அதற்குப் பின் எஞ்சியவர்களிடையே கிளெர்க் சகோதரரின் அதிகாரம் இன்னும் கொடிதாயிற்று. மோர்ஸ் என்னும் பகைக் குடும்பத்துப் பெண்மணி ஒருத்தியின் நாவை அறுப்பித்தார்கள். இத்தனைக்கும், தம் தாய் மெங்கார்த் இறந்தபோது அந்தப் பங்குக் குரு, பதித அபிமானியான அவளைக் கார்னேஸ் மாதாவின் பீடத்துக்குக் கீழேயே அடக்கம் செய்தார்! ஊரார் முணுமுணுத்தார்கள், உரக்கச் சொல்ல யாருக்கும் துணிவில்லை.

உரக்கச் சொல்லும் காலம் 1318இல் வந்தது. பாமியே மேற்றிராசனத்துக்கு முந்திய ஆண்டு ஆயராக வந்தவர் ஜாக் ஃபூர்னியே. அதே அரியேஜ்ப் பகுதியின் சாவெர்தன் என்னும் ஊரில் எளிய குடும்பத்தில் பிறந்து, சிஸ்தர்சிய சபைத் துறவியாகி, ஃபோன்ஃப்ருவாத் மடத்தின் தலைவராக இருந்தவர். ஜனங்களின் பேச்சுமொழியே அவருக்கும் தாய்மொழி. அவரிடம் எதையும் மறைக்க முடியாததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். 1318 முதல் 1325 வரை, 370 நாட்கள் அமர்வு நடத்தி, 578 தடவை விசாரணை செய்தார். சித்திரவதை அவர் வழக்கமன்று. குஷ்டரோகிகளைப் பற்றிய பொய்ப் புகார் ஒன்றில் மட்டும் அது நடந்தது. அவருடைய ஆயுதம் பொறுமை. ஒரு சொல் பிசகினால் அதைப் பிடித்துக்கொண்டு, அன்று யார் அடுப்பருகே இருந்தார்கள், யார் வாசலில் நின்றார்கள், சோறு என்ன, கறி என்ன என்று துருவித் துருவிக் கேட்பார். சாட்சி ஒக்சிதான் மொழியில் பேச, எழுத்தர் இலத்தீனில் எழுத, பின்னர் மறுபடியும் பேச்சுமொழியில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்டு, அதன்பிறகே தோல் ஏட்டில் ஏற்றினார்கள். இதில் நடந்த வழக்குகள் 98. மோந்தாயூவுக்கு அதில் பெரும்பங்கு. தீயில் இடப்பட்டவர் ஐவர். அவர்களில் கியோம் ஃபோர் என்பவர் மோந்தாயூக்காரர். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மஞ்சள் சிலுவையை உடையில் தைத்துக்கொண்டு திரிய வேண்டும் என்ற அவமானம், அல்லது சிறை. அந்தச் சிறையை ஜனங்கள் 'சுவர்' என்றே சொன்னார்கள். கிளெர்க் சகோதரர் இருவரும் சுவருக்குள்ளேயே மாண்டார்கள்; பியேரை மீட்பதற்காகப் பெர்னார் இலஞ்சமாக 14,000 சூ நாணயம் வாரி இறைத்தும் பயன்படவில்லை.

அந்த ஏட்டிலிருந்து இரண்டு காட்சிகளை மட்டும் காட்டுகிறேன். ஒன்று மோந்தாயூவில் நடந்ததன்று. மோந்தாயூ மேய்ப்பர்கள் வேலைபார்த்த ஆர்க் என்னும் ஊரில், ரேமோன் பியேர் என்னும் ஆட்டுக்காரர் வீட்டில் நடந்தது. அவர் மனைவி சிபீல். ஒரு வயது நிரம்பாத பெண்குழந்தை நோயுற்றது; பிழைக்காது என்று பயந்தார்கள். நெசவுத் தொழிலை விட்டுத் துறவியான பிராத் தவெர்னியே என்பவர் வந்து குழந்தைக்குத் தீட்சை அளித்துவிட்டு, இனிப் பால் கொடுக்கலாகாது, இறந்தால் தேவதூதனாவாள் என்று சொல்லிச் சென்றார். கணவரும் மகிழ்ச்சியோடு அவரை வழியனுப்பப் போனார். ஆண்கள் வாசலைத் தாண்டினார்கள். தாயால் தாங்க முடியவில்லை. எடுத்து மார்பில் வைத்துப் பால் கொடுத்துவிட்டாள். திரும்பி வந்த கணவர் ஆன்மாவைக் கெடுத்துவிட்டாய் என்று சீறினார். நெடுநாள் அவளையும் குழந்தையையும் வெறுத்தார். குழந்தை இன்னும் ஓராண்டு உயிரோடு இருந்தது. இதை அவள் சொல்லும்போது ஆயர் என்ன முகத்தோடு கேட்டார் என்று ஏடு சொல்லவில்லை. எழுத்தரின் இலத்தீன் மட்டும் நிதானமாக ஓடுகிறது.

மற்றொன்று, மோந்தாயூக் கோட்டைத் தலைவரின் மனைவியாயிருந்து விதவையான பெயாட்ரிஸ் தெ பிளானிசோல் என்னும் சீமாட்டியின் பை. ஒருகாலத்தில் அந்தப் பங்குக் குருவின் மோகவலையில் விழுந்தவள்; பின் மறுமணம் செய்து மறுபடி விதவையானவள். 1320இல் ஆயரின் ஆணைக்கு அஞ்சி ஓடிப் பிடிபட்டபோது அவளிடமிருந்த பையைச் சோதித்தார்கள். பேரக்குழந்தைகளின் தொப்புள்கொடி இரண்டு இருந்தன: வழக்கில் வெற்றி தரும் என்று யாரோ சொன்னதால் வைத்திருந்தாளாம். மகளின் முதல் தூரத்துத் துணி: மருமகன் வேறொருத்தியை நாடாதிருக்க மருந்தாகுமாம். அத்துடன் சாம்பிராணி, ஒரு கண்ணாடி, துணியில் சுற்றிய சின்னக் கத்தி, காக்காய் வலிப்புக்கு என்று ஒரு மூலிகையின் விதை. மந்திரவாதம் என்று நீதிமன்றம் கண்டதை, ஒரு பாட்டியின் சுருக்குப்பை என்றுதான் நான் காண்கிறேன். ஓராண்டுக்கு மேல் சிறையிலிருந்து, 1322இல் மஞ்சள் சிலுவையோடு விடுதலையானாள்.

ஃபூர்னியேயின் பிற்காலம் பிரசித்தமானது. 1334இல் பன்னிரண்டாம் பெனடிக்ட் என்னும் பெயரோடு பாப்பரசரானார். அவிஞ்ஞோன் நகரத்தில் இன்றும் நிற்கும் பாப்பரசர் அரண்மனையைக் கட்டத் தொடங்கியவர் அவரே. அந்த உயர்வினாலேதான் அவருடைய ஏட்டுக்கும் பாதுகாப்புக் கிடைத்து, அது கடைசியில் ரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்தை அடைந்தது. மோந்தாயூவோ அதற்குள் தேய்ந்தது. கொள்ளைநோயும் போரும் அடுத்தடுத்து வர, 1390ஆம் ஆண்டு ஃபுவாப் பிரபுவின் அடுப்புக் கணக்கில் அந்த ஊருக்கு எழுதப்பட்டவை 23 அடுப்புகளே. மிஞ்சியவர்கள் வீடுகளைக் கோட்டையடியிலிருந்து சற்றுக் கீழே நகர்த்திக் கட்டிக்கொண்டார்கள். கிளெர்க் என்னும் குடும்பப்பெயர் மட்டும் இருபதாம் நூற்றாண்டிலும் அங்கே வழங்கிவந்தது.

ஏட்டின் இலத்தீன் மூலத்தை 1965இல் ஜான் துவெர்னுவா முழுமையாகப் பதிப்பித்தார். பத்தாண்டு கழித்து, 1975இல், எம்மானுவேல் லெருவா லதூரி என்னும் சரித்திரப் பேராசிரியர் அதனை ஆதாரமாகக் கொண்டு அந்தக் கிராமத்தின் பெயராலேயே ஒரு பெருநூல் எழுத, அறிஞர்களோடு சாதாரண ஜனங்களும் அதனை விரும்பி வாங்கினார்கள். குறை சொன்னவர்களும் உண்டு. வத்திக்கான் நூலகத்தின் தலைவராகப் பின்னர் விளங்கிய லெனர்ட் பாயில் என்பவர் அவருடைய இலத்தீன் வாசிப்பில் பிழைகளை எடுத்துக் காட்டினார். அச்சத்தில் சொன்ன வாக்குமூலத்தை ஊர்த் திண்ணைப் பேச்சாகக் கொள்ளலாமா என்று வேறு சிலர் வினவினார்கள். அந்த வினா நியாயமானது. ஆயினும் ஒன்று. அந்த மேட்டுநிலத்தைச் சுற்றி அதே புல்லும் அதே பனியும் கொண்ட கிராமங்கள் எத்தனையோ இருந்தன. அவற்றில் நல்லபடியாய் வாழ்ந்து, தசமபாகம் செலுத்தி, ஆயரின் கண்ணில் படாமல் இறந்தவர்களின் ஒரு வார்த்தைகூட நமக்கு எட்டவில்லை. மோந்தாயூவைத் தண்டிக்க நினைத்தவர் காதுகொடுத்துக் கேட்டார், கேட்டதனால் எழுதினார். இந்த உபகாரத்துக்கு யாருக்கு நன்றி சொல்வது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

பியேர் மோரியைப் பற்றிச் சொல்லாமல் நான் இறங்கினால் அது பெரும்பிழை. மோந்தாயூ நெசவாளர் ஒருவரின் மகன். பதினெட்டு இருபது வயதுக்குள் வீட்டை விட்டு ஆட்டுக்குப் பின்னால் போனவர். கோடையில் பிரனே உச்சிகளின் புல்வெளி, பனி விழுமுன் பூய்மோரான் கணவாய் வழியாகத் தெற்கே இறங்கி, எப்ரோ ஆற்றங்கரையிலும் தோர்தோசாச் சமவெளியிலும் குளிர்காலக் கிடை, மறுபடி மேலே. ஆண்டுக்காண்டு எஜமானர் மாறுவார்கள்; கணவாய்கள் மாறா. மலைக்குடிசையில் ஐந்தாறு மேய்ப்பர் கூடிப் பால் கறந்து, பாலாடைக்கட்டி திரட்டி, மயிர் கத்தரித்து, இரவில் கதை பேசினார்கள். அவர்களிடையே வழங்கிய கதை ஒன்று: முற்பிறவியில் பிரபு ஒருவரின் குதிரையாய் இருந்து, ஓரிரவு ஓட்டத்தில் இரண்டு கற்களுக்கிடையே லாடத்தை இழந்த ஆன்மா, மனிதராய்ப் பிறந்து துறவியானதாம், அந்த வழியே கூட்டாளியோடு நடந்தபோது நினைவு வந்து, கற்களைத் துழாவி, அந்த லாடத்தையே எடுத்துக் காட்டினாராம். இப்படிக் கதை சொன்ன கடைசித் துறவி கியோம் பெலிபாஸ்த். கொலை செய்துவிட்டு ஓடிவந்த இடையர். துறவிக்குரிய ஒழுக்கத்திலும் சறுக்கியவர். அதை அறிந்தும் மோரி அவரைக் காசு கொடுத்துக் காப்பாற்றினார். தாயின் பறிமுதலான வீட்டை மீட்க ஆசைப்பட்ட ஒருவன் பக்தன்போல் ஒட்டிக்கொண்டு பெலிபாஸ்தை எல்லை தாண்டி அழைத்துவந்து காட்டிக்கொடுக்க, 1321இல் வில்ரூஜ் என்னும் இடத்தில் அவரை எரித்தார்கள்.

மோரிக்கும் எச்சரிக்கை வந்தது. பிடிபட்டால் அழிந்துபோவாய், இந்தப் பக்கம் வராதே என்று நண்பர்கள் அழுதார்கள். தமக்கு வளர்ந்த விதத்தில் அல்லாமல் வேறு விதமாய் வாழத் தெரியாது என்றும், கோடைப் புல்வெளிக்கும் குளிர்காலப் புல்வெளிக்கும் இடையே போய்வந்துகொண்டிருப்பதே தம் விதி என்றும் அவர் பதில் சொன்னார். 1324இல் பிடிபட்டு ஆயர் முன் நிறுத்தப்பட்டபோது, அந்த ஆண்டில் எந்த மலை, அடுத்த ஆண்டில் எந்தக் கணவாய், யாருடைய மந்தை, குடிசையில் கூட இருந்தவர் யார் யார் என்று இருபது ஆண்டுப் பாதையையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். எழுத்தர் எழுதிக்கொண்டே வந்தார். அந்த ஆகஸ்டு மாதம், ஆடுகள் மலைமேல் இருக்கும் பருவத்தில், அவருக்குச் சுவர் என்று தீர்ப்பாயிற்று.